நான்கு மூக்குகளை நம்பியவன்

என் வீட்டுப் பூனைகளுக்கு விஷம் தெரியும் என்று நான் நம்பினேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மீனில் மருந்து கலந்திருந்தால் மனிதனுக்கு முன்னால் பூனைக்குத் தெரிந்துவிடும், தெரிந்ததும் அது அந்த மீனுக்குக் குழி தோண்டும், அந்தக் குழி மீனைத் தின்ற எல்லோருக்கும் சேர்த்துத்தான் என்று சத்தியமாக நம்பினேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. படிப்பு பி.காம்.

இரண்டு சாரல் சீசனுக்கு முந்தைய ஆனி மாதம். மதியம் பன்னிரண்டு இருக்கும். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. காற்று மட்டும் தென்னை ஓலைகளைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தது. எங்கள் அடுப்படிக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட சின்ன முற்றம் உண்டு. அங்கே நான்கு பிளாஸ்டிக் மூடிகளில் மீன் சோறு. எதிரே நான்கு பூனைகள்.

நான்கும் குனிந்து முகர்ந்தன. நான்கும் நிமிர்ந்தன. பிறகு முன்னங்காலால் மூடியைச் சுற்றித் தரையைப் பிறாண்டத் தொடங்கின. சர், சர், சர். சுடுகாட்டில் மண் தள்ளுகிற சத்தம்.

அதே மீனில் இரண்டு துண்டை நான் தின்று ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அதே மீனில் இன்னும் மூன்று துண்டு, வாழையிலையில் பொதிந்து, பக்கத்து வீட்டு காஜாவின் மடியில் கேரளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

மூடிக் குடும்பம்

தென்காசியில் குடம், வாளி, முறம், சோப்பு டப்பா என்று பிளாஸ்டிக்கில் என்னென்ன உண்டோ அத்தனையும் விற்கிற கடை என்னுடையது. இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும்; கடை திறந்த அன்று ஏணியிலிருந்து விழுந்ததை மட்டும் மூன்று வாரம் எழுதியிருக்கிறேன். டப்பா உடைந்துபோய் மூடி மட்டும் மிஞ்சுவது இந்தத் தொழிலின் துக்கம். மிஞ்சிய மூடிகள்தான் எங்கள் பூனைகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு.

சிவப்பு மூடி தாசில்தாருக்கு. கிழட்டுக் கடுவன். சோறு வைத்தவுடன் வரமாட்டார். மற்ற மூன்றும் கத்தி மனுக் கொடுத்து முடிந்த பிறகு ஓட்டுக்கூரையிலிருந்து இறங்கி வருவார். தன் மூடியை ஏறெடுத்துப் பாராமல் மற்ற மூன்று மூடிகளையும் வரிசையாகச் சோதிப்பார். எல்லாவற்றிலும் ஒரே சோறுதான் என்று உறுதியானதும் தன்னிடத்துக்கு வந்து, கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரு நக்கு.

மஞ்சள் மூடி லோடுமேனுக்கு. எதையும் வைத்த இடத்தில் தின்னாது. மீன் துண்டைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியிலோ, தையல் மெஷினுக்குப் பின்னாலோ இறக்கிவைக்கும். இறக்கிய இடம் அதற்கே மறந்துபோகும். எங்களுக்கு மூன்றாம் நாள் தெரியும்.

பச்சை மூடி மாமியாருக்கு. முதலில் சோற்றை முகர்ந்து பார்க்கும். பிறகு சமைத்த என் மனைவி செல்வியின் முகத்தைப் பார்க்கும். பிறகு வேறு வழியில்லை என்பதுபோல் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, போகும்போது இன்னொரு தடவை செல்வியின் முகத்தைப் பார்க்கும்.

நீல மூடி சிட்டுக்கு. குட்டியிலிருந்து இப்போதுதான் பூனையாகிக்கொண்டிருந்தாள். வாய் தின்னும்போதே தொண்டை உறுமும். யாரும் பிடுங்காமலிருக்க ஒரு கை சோற்றுக்குள்ளேயே ஊன்றியிருக்கும்.

கடையில் ஆள் வராத மத்தியான நேரங்களில் இவை நான்கும் எப்படித் தின்கின்றன என்று பார்ப்பதே எனக்கு வேலை. எத்தனையோ கண்டுபிடித்தேன். மூடியின் ஓரத்தில் சோறு நிறைய இருக்கும். நடுவில் பிளாஸ்டிக் தெரிந்துவிட்டால் போதும், பட்டினி போட்டுவிட்டார்கள் என்று கத்தும். ஓரத்துச் சோற்றை விரலால் நடுவுக்குத் தள்ளிவிட்டால் அது புதுச் சோறு. மறுபடி தின்னும். மீசை ஓரத்தில் இடிப்பது பிடிக்காததால் அப்படி என்று சொல்கிறார்கள். எங்கள் கல்யாணப் பந்திகளில் இலை நிறைய வைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு என்ன போகிறது என்று எட்டிப் பார்ப்பவர்களுக்கு என்ன காரணம் என்று தெரியவில்லை.

இன்னொன்று. அவரவர் மூடியில் பாதி தின்றதும் நான்கும் இடம் மாறும். சண்டை கிடையாது. ஒன்று நகர்ந்தால் அடுத்தது நகரும். எப்போதும் வலப்பக்கமாகவே சுற்றும். இடப்பக்கம் திருப்பிவிடப் பல நாள் முயன்றேன். கையில் நான்கு கோடுகளும், ஒரு தடவை ஊசியும்தான் மிச்சம்.

கடல் இல்லாத ஊர்

எங்களுக்கு அருவி உண்டு, கடல் கிடையாது. மீன் லாரியில்தான் வரும். கிழக்கே தூத்துக்குடியிலிருந்தும் வரும், மேற்கே கொல்லத்திலிருந்து புளியறை வழியாகவும் வரும். கடற்கரைக்காரர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் செத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடுவார்களாம். நாங்களும் செவுளைத் தூக்குவோம். சிவப்பாக இருக்கும். 'சரி, செவப்பா இருக்கு' என்போம். அதோடு எங்கள் ஞானம் முடிந்தது.

ஒரு சமயம், ஐஸ் மீனில் பிணம் கெடாமல் வைக்கிற மருந்தைத் தடவுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. யார் தடவினார்கள், எந்த மீனில் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கைபேசிக்குக் கைபேசி அந்தச் செய்தி ஓடியது. நானே பதினேழு பேருக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகு எனக்கே பயமாகிவிட்டது.

அப்போதுதான் தாசில்தாரைப் பணியில் அமர்த்தினேன். மீன்காரர் ஐஸ் பெட்டியோடு மொபெட்டை நிறுத்தியதும், தாசில்தாரை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போவேன்.

"என்ன அண்ணாச்சி, பூனைக்கு மீனக் காட்டுதியளா, மீனுக்குப் பூனையக் காட்டுதியளா?" என்பார் மீன்காரர்.

"அது மோந்து பாத்துச் சொல்லட்டும்."

"சொல்லிச்சுன்னா?"

"வாங்குதேன்."

"சொல்லலேன்னா?"

"சொல்லாம இருக்காது வே."

இருந்ததும் இல்லை. சாளையோ சூரையோ, எதைக் காட்டினாலும் தாசில்தார் என் இடுப்பிலிருந்து துள்ளி ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டுவிடுவார். பரிசோதனைக்கு வந்த எல்லாவற்றையும் பாஸ் போடுகிறவரை வைத்துக்கொண்டு என்ன பரிசோதனை என்று எனக்குத் தோன்றவில்லை. தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. "தாசில்தார் பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாலு வீட்டார் சட்டியோடு வெளியே வருவார்கள்.

அந்த ஆனி மாதக் காலையில் தாசில்தார் பார்க்கவில்லை. ஏனென்றால் நான் வீட்டில் இல்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டதால் விடியற்காலையில் குற்றாலத்துக்குப் போய்விட்டேன். பேரருவியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, முதுகில் அருவி விழ, யாரோ ஒருவர் என் தோள்மேல் ஏறி நிற்க, குளித்து முடித்துப் பத்தரை மணிக்குத் திரும்பினேன். அதற்குள் செல்வி நெய்மீன் வாங்கி, மசாலா தடவி, பொரித்து அடுக்கியிருந்தாள். அருவிப் பசி என்பது வேறு எந்தப் பசியிலும் சேராது. நின்றுகொண்டே இரண்டு துண்டு தின்றேன்.

எல்லை தாண்டித் தின்கிற மீன்

நெய்மீன் எனக்காக வாங்கியது என்று நான் நினைத்துவிடக் கூடாது. அது காஜாவுக்காக.

காஜா எங்கள் பக்கத்து வீடு. சவுதியில் எலெக்ட்ரீசியன். இரண்டு வருடத்துக்கொரு தடவை வருவான். திரும்பிப் போகிற நாளில் தெருவில் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். ஒருவர் முறுக்கு, ஒருவர் நார்த்தங்காய் ஊறுகாய். எங்கள் வீட்டில் மூன்று துண்டு நெய்மீன் பொரியல். பெட்டியில் வைக்க அல்ல, வழியில் தின்ன. அதை அவன் ஊருக்குள் தொடமாட்டான். கேரள எல்லையில் புளியறை செக்போஸ்ட் தாண்டி, மலைப்பாதை ஏறத் தொடங்கும் முதல் வளைவில் காரை நிறுத்தச் சொல்லி, இந்தப் பக்கத்து வயல்களைப் பார்த்தபடி தின்பான்.

"ஊர்ச் சாப்பாட்ட எல்லைக்கு அங்கன வச்சு ஒருவாட்டி தின்னுட்டேன்னா, பெறகு ரெண்டு வருசம் தாங்கும் மதினி" என்று செல்வியிடம் சொல்வான். செல்விக்கு அந்த ஒரு வார்த்தைக்காகவே கடலையே பொரித்துக் கொடுக்கலாம் என்றிருக்கும்.

அந்தத் தடவை அவன் போவது வழக்கமான போவது அல்ல. பழைய கம்பெனி ஆட்களைக் குறைத்ததில் எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தான். தெருவில் எல்லார் வீட்டு ஃபேனையும் கழற்றி மாட்டிவிட்டான், சும்மா இருக்க முடியாமல். ஒருவழியாகப் புது வேலை கிடைத்து விசா வந்தது. அது முடிய மூன்றே நாள் பாக்கி. திருவனந்தபுரத்திலிருந்து அன்று சாயங்கால விமானம். அதை விட்டால் அடுத்த டிக்கெட் கிடைப்பதற்குள் விசாவும் போகும், வேலையும் போகும்.

பதினொன்றேகாலுக்கு வந்தான். சட்டையில் அத்தர் மணம் என்று செல்வி சொன்னாள்; எனக்கு மூக்கு அடைத்திருந்தது.

"போயிட்டு வாறேன் மதினி."

"மெல்லமாத் தின்னு. முள்ளு கெடக்கும்."

"நெய்மீன்ல நடுமுள்ளு ஒண்ணுதான மதினி."

"அந்த ஒண்ணுதான் தொண்டையில நிக்கும்."

பொதியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கார் போய்விட்டது. அவன் மனைவி பாத்திமா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு, கார் திரும்பிய மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் உள்ளே வந்து கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டு, பூனைகளுக்கு மீன் தலையும் ஒரு துண்டும் உதிர்த்துப் போட்டுச் சோறு பிசைந்தேன். அங்கேதான் நாம் தொடங்கினோம்.

குழி

"ஏட்டி, இங்கன வா."

செல்வி வந்தாள்.

"என்ன?"

"பாரு. குழி தோண்டுதுவ."

"சிமெண்டுத் தரையில என்ன குழி?"

"தாசில்தார் மோந்து பாத்தாரா இந்த மீன?"

"நீங்க அருவியில கெடந்தா அவரு எப்படி மோப்பாரு? நாந்தான் மோந்து பாத்து வாங்கினேன்."

"ஒன் மூக்கும் அவரு மூக்கும் ஒண்ணா?"

"ஒங்க மூக்குக்கு ரெண்டும் தேவல. வந்ததுலருந்து உறிஞ்சிக்கிட்டேதான் இருக்கிய."

தாசில்தார் என்னை ஒருமுறை பார்த்தார். மறுபடி பிறாண்டினார். லோடுமேன் எதையும் தூக்கவில்லை. சிட்டு உறுமவில்லை. மாமியார் செல்வியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தது. இத்தனை வருடத்தில் அது என்னைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"மருந்து மீனு" என்றேன். என் குரலே எனக்குக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

"நானும் ஒரு துண்டு தின்னேன். கல்லு மாதிரி நிக்கேன்."

"ஒனக்கு மெதுவாத்தான் ஏறும்."

அதற்குள் எனக்கு ஏறிவிட்டது. நாக்கு தடித்தது. காஜா மலை வளைவில் நின்று இலையைப் பிரிப்பது கண்முன் தெரிந்தது. அங்கேயே விழுவான். அல்லது விமானத்தில் விழுவான். விழாவிட்டாலும், வாந்தி எடுப்பவனை விமானத்தில் ஏற்றமாட்டார்கள், விசா போகும். எந்த வழியில் பார்த்தாலும் காரணம் எங்கள் வீட்டு வாணலி.

அவன் நம்பருக்கு அடித்தேன். பக்கத்து வீட்டுக்குள் மணி அடித்தது. சுவருக்கு மேல் பாத்திமாவின் தலை தெரிந்தது.

"அண்ணாச்சி, அந்த சிம்ம எனக்குப் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டாவ. என்ன விசயம்?"

"ஒண்ணுமில்ல தாயி. கார்ல சவுரியமா உக்காந்தானான்னு கேக்கலாம்னு."

"உக்காந்துதான போனாவ."

"ஆமா, நானும் பாத்தேன். டிரைவர் நம்பர் இருந்தாக் குடு."

கொடுத்தாள். டிரைவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னாலிருந்து செல்வி ஏதோ சொன்னாள். 'கையக் கழுவிட்டுப் போங்க' என்று காதில் விழுந்தது. சாகப் போகிறவனுக்குக் கை என்ன, கால் என்ன என்று கழுவாமலே கிளம்பிவிட்டேன்.

பதினைந்து கிலோமீட்டர் மரணம்

தென்காசியிலிருந்து செங்கோட்டை, அங்கிருந்து புளியறை. மொத்தம் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். சீசன் நேரத்தில் அதில் பாதி தூரம் வேன்களுக்குப் பின்னால் நகர வேண்டும். ஈரத்துண்டைச் சன்னலில் கட்டிப் பறக்கவிட்ட வேன்கள். சாரல் என் கண்ணாடியில் பொடிப்பொடியாக ஒட்டியது. ஓரத்தில் பலாப்பழத்தையும் ரம்புத்தானையும் குவித்து வைத்திருந்தார்கள். கடைசியாக ஒரு சுளை தின்னலாமா என்று நினைத்தேன். இந்த நேரத்திலும் நினைக்கிறானே என்று என்மேல் எனக்கு மரியாதையே போய்விட்டது.

செங்கோட்டைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பக்கக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். நீலமாக இருந்தால் விஷம் என்று எங்கோ படித்த ஞாபகம். சிவப்பாக இருந்தது. மருந்து தடவிய மீனின் செவுளும் சிவப்பாகத்தானே இருந்திருக்கும். பின்னால் வந்த பஸ்காரர், "நாக்க உள்ள போடும் வே, பஸ்சு போவணும்" என்றார்.

ஒரே ஒரு நம்பிக்கை. காஜா செங்கோட்டையில் தன் அக்கா வீட்டில் சொல்லிக்கொண்டுதான் போவான். அக்கா அழுவாள். அழுகை முடிய அரை மணி நேரம் ஆகும். அந்த அம்மா நன்றாக அழ வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பெண்ணின் அழுகைக்காக வேண்டிக்கொண்டே போனேன்.

உயிலைப் பற்றி யோசித்தேன். கடை செல்விக்கு. பூனைகளும் செல்விக்கு. யோசித்துப் பார்த்தால் எல்லாமே ஏற்கெனவே செல்வியிடம்தான் இருந்தது.

புளியறை

செக்போஸ்டுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. ஓரத்தில் ஒரு பரோட்டாக் கடை. கடைக்கு முன்னால் அந்த வெள்ளைக் கார். காஜா காரின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்று, பானட்மேல் வாழையிலையை விரித்திருந்தான். அக்கா அழுததில் அங்கே சாப்பாடு நடக்கவில்லை. பசி பொறுக்காமல், எல்லைக்கு இந்தப் பக்கமே, தன் வழக்கத்தை முதல் முறையாக மீறப் போகிறான். கையில் ஒரு துண்டு. வாய்க்கு அரையடி தூரம்.

"ஏலே காஜா, தின்னாத."

ஸ்கூட்டரை நிறுத்தினேனா, விழவிட்டேனா என்று தெரியாது. பாய்ந்து அவன் கையைத் தட்டினேன். துண்டு பறந்தது. என் முழங்கை இலையில் பட்டு, இலையும் மற்ற இரண்டு துண்டும் சரிந்து லாரிச் சக்கரம் உழுத சகதியில் விழுந்தன.

காஜா தன் வெறுங்கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதிய?"

"மீன்ல மருந்து."

"யாரு சொன்னா?"

இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கினேன். "பூனை" என்றேன்.

பரோட்டா அடித்துக்கொண்டிருந்த மாஸ்டர் அடிப்பதை நிறுத்தினார். கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்த கேரளத்து லாரி டிரைவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"எந்தா சேட்டா? பூச்ச பறஞ்சோ?" என்றார். பூனையா சொன்னது என்று கேட்கிறார்.

"சொல்லல. தோண்டிச்சு."

அவர் மெதுவாக ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

அப்போது லாரிக்கு அடியிலிருந்து ஒரு பூனை வந்தது. ஒட்டிய வயிறு, கிழிந்த காது. முகர்ந்து பார்க்கக்கூட இல்லை. பக்கத்துத் துண்டைச் சகதியோடு கவ்வித் தின்னத் தொடங்கியது. நாங்கள் ஐந்து பேரும் சுற்றி நின்று பார்த்தோம். பல் படுகிற சத்தம் கேட்டது.

"விரட்டுங்க, செத்துரும்" என்றேன்.

"அது சாவாது அண்ணாச்சி" என்றார் மாஸ்டர். "என் கடைச் சால்னாவத் தின்னே நாலு வருசமா இருக்கு."

முதல் துண்டு முடிந்தது. பூனை இரண்டாவதுக்குப் போனது. காஜாவின் கார் டிரைவர் மணியைப் பார்த்தார்.

"இது சாவுதா இல்லையான்னு பாத்துக்கிட்டு நின்னா பிளைட்டு போயிரும். இப்பவே லேட்டு."

காஜா அசையவில்லை. எட்டு மாதம் காத்திருந்தவன். ஒரு பக்கம் கார் கதவு திறந்து கிடந்தது. இன்னொரு பக்கம் நான் வேர்த்து விறுவிறுத்து நின்றேன். "அண்ணாச்சி, நீங்க எத்தன துண்டு தின்னிய?" என்று மெதுவாகக் கேட்டான். "ரெண்டு" என்றேன். "அப்ப ஒங்கள இப்படியே விட்டுட்டு எப்படிப் போவ? ஆஸ்பத்திரிக்கு ஏறுங்க" என்றான். காரைத் தென்காசிப் பக்கம் திருப்பச் சொல்லி டிரைவரிடம் கையைக் காட்டினான்.

எனக்கு முதல் முறையாக உண்மையான பயம் வந்தது. இவன் திருப்பிவிடுவான். என்னால் இவன் வேலை போகப் போகிறது.

அந்த நேரத்தில் என் கைபேசி அடித்தது. செல்வி. அவசரமாக எடுத்ததில் ஒலிபெருக்கிப் பொத்தானும் சேர்ந்து அழுந்திவிட்டது. அவள் குரல் லாரி வரிசை முழுக்கக் கேட்டது.

"எங்க போய்ச் சேந்திய? பூனை நாலும் தின்னுட்டு தூங்குது."

"எதத் தின்னுச்சு?"

"அதே மீனத்தான். மூடியக் கழுவி, வேற சோறு பெசஞ்சு நான் வச்சேன். நக்கித் தொடச்சிட்டு. ஒங்க சோத்துல ஒரே தைல வாடை. கிட்டப் போவ முடியல. கையில என்னத்தத் தேச்சிய?"

காஜா என் வலது கையைப் பிடித்துத் தூக்கி முகர்ந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினான்.

குற்றாலத்தில் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர், மிச்சத்தை ஒரு குப்பியில் ஊற்றிக் கொடுத்திருந்தார். கற்பூரமும் யூக்கலிப்டஸும் இன்னும் என்னென்னவோ சேர்ந்தது. காஜா போன பிறகு காலை நீட்டி உட்கார்ந்தேன் என்று எழுதினேனே, அப்போது இரண்டு முழங்காலுக்கும் அதைத் தேய்த்துக்கொண்டேன். பிறகு துண்டில் கையைத் துடைத்துவிட்டு, அந்தக் கையாலேயே பூனைச் சோறு பிசைந்தேன். அருவி அடைத்த மூக்கு எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பிற்பாடு கால்நடை டாக்டரிடம் கேட்டேன். பிடிக்காத தீனியையும், பிறகு தின்ன வைத்திருக்கிற தீனியையும் பூனை அப்படித்தான் மூடப் பார்க்குமாம். மண்ணா சிமெண்டா என்றெல்லாம் அது பார்க்காதாம். அந்த மாதிரித் தைலம் பூனைக்கு ஆகவே ஆகாது, உடம்பில் பட்டாலே கெடுதல் என்றும் சொல்லி என்னைக் கோபமாகப் பார்த்தார். அந்தச் சோற்றில் உண்மையிலேயே விஷம் வைத்தது நான்தான் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை

செல்வி இன்னும் லைனில் இருந்தாள்.

"காஜாவப் பாத்தியளா? அவனையும் பயங்காட்டிட்டியளா?"

"இங்கனதான் நிக்கான்."

"மீன் தின்னுட்டானா?"

காஜா சகதியைப் பார்த்தான். பூனை மூன்றாவது துண்டின் நடுமுள்ளைத் தலையை ஒருச்சாய்த்து மென்றுகொண்டிருந்தது. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. எட்டிக் கைபேசியை என் கையிலிருந்து வாங்கினான்.

"தின்னுட்டேன் மதினி" என்றான். "நல்லா இருந்துச்சு."

"முள்ளு?"

"பாத்துதான் தின்னேன்."

கைபேசியை என்னிடம் தந்தான். "மாத்திச் சொல்லிராதிய அண்ணாச்சி" என்றான். அதன் பிறகுதான் சிரித்தான். "போய்ச் சேந்ததும் போன் போடுதேன். பூனை என்ன சொல்லுதுன்னு கேட்டு வைங்க."

மாஸ்டர் ஒரு பொட்டலத்தைக் கார் சன்னல் வழியே உள்ளே கொடுத்தார். கார் செக்போஸ்டைத் தாண்டி மேலே ஏறியது. முதல் வளைவில் நிற்கிறதா என்று பார்த்தேன். நிற்கவில்லை. நேரமில்லை.

அன்றிலிருந்து இரண்டு வருடமாக இந்த ரகசியத்தை நானும் அவனும் காத்துவருகிறோம். அங்கிருந்து பேசும்போதெல்லாம், "அன்னைக்குத் தின்ன மீன் மாதிரி வராது மதினி" என்று அவனாகவே ஆரம்பிப்பான். செல்வி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கு ஒவ்வொரு தடவையும் இருமல் வரும்.

அடுத்த மாதம் காஜா லீவில் வருகிறான். திரும்பிப் போகும்போது இந்தத் தடவை ஆறு துண்டாகக் கொடுக்க வேண்டும் என்று செல்வி இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த இதழ் வீட்டுக்கு வந்ததும் முதலில் பிரிப்பவளும் அவள்தான்.

செல்வி, நடந்தது இதுதான். காஜா அன்று புளியறையில் வாங்கிய பரோட்டாவைத் தின்றுவிட்டு விமானம் ஏறினான். நீ கொடுத்த மூன்று துண்டையும் அந்தக் கடைப் பூனை தின்றது.